இளையோர் நாவல்களை விரும்பிப் படிக்கவும் ஏமாறாமல் வாங்கவும்: ஒரு முழுமையான வழிகாட்டி

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு புத்தகக் கடையில் மூன்று இளையோர் நாவல்களை எடுத்துக்கொண்டு பணம் கட்டப் போனபோது, கல்லாவில் இருந்த இளைஞர், "பிள்ளைக்கா சார்?" என்று கேட்டார். "ஆமாம்" என்று சொல்லிவிட்டேன். அப்போது எனக்கு நாற்பது கடந்திருந்தது. மூன்று புத்தகங்களும் எனக்காகத்தான் வாங்கியவை. அன்று நான் செய்த தவறுகள் இரண்டு. தேவையே இல்லாத ஒரு பொய்யைச் சொன்னது ஒன்று. மூன்றில் ஒன்றை அட்டைப்படத்தின் அழகுக்காகவே வாங்கியது மற்றொன்று. அந்தப் புத்தகத்தில் முப்பதாம் பக்கத்தை இன்றுவரை நான் தாண்டவில்லை. இந்த இரண்டு தவறுகளையும் பிறர் செய்யாமல் இருப்பதற்கான வழிகளையே கீழே படிப்படியாகச் சொல்கிறேன். சுருக்கமாகச் சொன்னால், அட்டையில் உள்ள வயதைப் பார்க்காமல் உள்ளே பேசும் குரலைக் கேட்டு வாங்க வேண்டும் என்பதே என் கட்சி.

முதற்படி: அந்த அலமாரி எதைக் குறிக்கிறது என்று அறிதல்

ஆங்கிலப் பதிப்புலகம் 'யங் அடல்ட்' என்று வகைப்படுத்தும் நூல்களைத் தமிழில் இளையோர் நூல்கள் என்கிறோம். அமெரிக்க நூலகச் சங்கத்தில் இவற்றுக்கெனத் தனிப்பிரிவு 1957ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. பன்னிரண்டு முதல் பதினெட்டு வயது வரையிலான வாசகர்களை அது தன் வட்டமாகக் கொண்டிருக்கிறது. ஆனால் இந்த வகைக்கு உயிர் கொடுத்தது சங்கமோ பதிப்பாளரோ அல்ல, ஓக்லஹோமா மாநிலத்தின் டல்சா நகரத்துப் பள்ளி மாணவி ஒருவர். தன் வயதுப் பிள்ளைகளின் வாழ்க்கையை உள்ளபடி சொல்லும் கதைகள் கிடைக்கவில்லை என்ற குறையால் எஸ்.இ. ஹின்டன் பதினைந்து வயதில் எழுதத் தொடங்கிய 'தி அவுட்சைடர்ஸ்' நாவல், அவருக்குப் பதினெட்டு வயதாக இருந்த 1967ஆம் ஆண்டு வெளிவந்தது. எழுதியவர் பெண் என்று தெரிந்தால் மதிப்புரை எழுதும் ஆண்கள் ஒதுக்கிவிடுவார்கள் என்று பதிப்பகம் அஞ்சியதால்தான் அட்டையில் முழுப்பெயருக்குப் பதில் முதலெழுத்துகள் மட்டும் அச்சாயின.

அந்த நாவல் வைத்துச் சென்ற அடையாளங்கள் இன்றும் மாறவில்லை. கதையின் நடுவில் பதின்பருவத்தவர் ஒருவர் நிற்பார். கதையைப் பெரும்பாலும் அவரே சொல்வார். ஒரு பெரியவர் தன் இளமையைத் திரும்பிப் பார்த்து ஏங்குகிற தொனி அங்கே இருக்காது. முதல் நட்பு, முதல் இழப்பு, வீட்டை எதிர்த்துப் பேசிய முதல் சொல் ஆகிய எல்லாம் நடந்துகொண்டிருக்கும்போதே சொல்லப்படும். இந்த உடனடித்தன்மையே இவ்வகையின் இலக்கணம் என்பேன். கதைநாயகருக்குப் பதினாறு வயது என்பதனாலேயே ஒரு நூல் இளையோர் நாவலாகிவிடாது.

அலமாரிப் பெயரை வேதவாக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு இரண்டு சான்றுகள் போதும். மார்கஸ் சுசாக்கின் 'தி புக் தீஃப்' 2005ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவில் பெரியவர்களுக்கான நாவலாக வெளிவந்தது. அதே நாவலை அமெரிக்கப் பதிப்பகம் இளையோர் நூலாக வெளியிட்டது. மார்க் ஹாடனின் 'தி கியூரியஸ் இன்சிடென்ட் ஆஃப் தி டாக் இன் தி நைட்-டைம்' 2003ஆம் ஆண்டு பிரிட்டனில் பெரியவர்களுக்கு ஒரு பதிப்பாகவும் சிறுவர்களுக்கு ஒரு பதிப்பாகவும் ஒரே நேரத்தில் விற்பனைக்கு வந்தது. நூலை எந்த அலமாரியில் நிறுத்துவது என்பது விற்பவரின் முடிவு. எனவே அந்த அலமாரியின் முன் நிற்க யாரும் கூச வேண்டியதில்லை. அமெரிக்காவில் பௌக்கர் நிறுவனம் 2012ஆம் ஆண்டு நடத்திய ஆய்வில், இளையோர் நூல்களை வாங்கியவர்களில் 55 விழுக்காட்டினர் பதினெட்டு வயதைக் கடந்தவர்கள் என்று தெரியவந்தது. அவர்களில் பெரும்பாலோர் தாங்கள் படிப்பதற்காகவே வாங்கியிருந்தனர். "பிள்ளைக்கா சார்?" என்ற கேள்விக்கு "எனக்குத்தான்" என்று இப்போது தயக்கமின்றிப் பதில் சொல்கிறேன்.

இரண்டாம் படி: உங்கள் நாவுக்கு எது சுவை என்று கண்டறிதல்

இளையோர் நாவல் என்பது ஒரே பண்டம் அன்று. மாய உலகக் கதைகள், கொடுங்கோல் ஆட்சியின் கீழ் நசுங்கும் வருங்கால உலகக் கதைகள், பள்ளியிலும் வீட்டிலும் நடக்கும் நடப்பியல் கதைகள், காதல், துப்பறிதல், வரலாறு என்று பல பந்திகள் அங்கே விரிந்திருக்கின்றன. எது பிடிக்கும் என்று தெரியாவிட்டால், பதினைந்து வயதில் நீங்கள் எதை ஒளித்துவைத்துப் படித்தீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். மாத நாவல்களின் துப்பறிவாளர்களோடு வளர்ந்தவருக்குத் துப்பறியும் இளையோர் நாவல் உடனே ஒட்டிக்கொள்ளும். இரும்புக்கை மாயாவியோடு வளர்ந்தவருக்கு அறிபுனைவும் சாகசமும் பொருந்தும். சரித்திரத் தொடர்கதைகளுக்காக வார இதழை எதிர்பார்த்துக் காத்திருந்தவர், மாய உலக நெடுந்தொடர்களின் தடிமனைக் கண்டு மிரளமாட்டார்.

வடிவத்திலும் இவ்வகை துணிச்சலானது; பெரியவர்களுக்கான நாவல்கள் தயங்கும் இடங்களில் இது தாராளமாக விளையாடும். கான்சஸ் மாநிலப் பள்ளி நூலகர் ஒருவரின் நினைவாக நிறுவப்பட்ட மைக்கேல் எல். பிரின்ட்ஸ் விருதை 2000ஆம் ஆண்டு முதன்முதலாகப் பெற்ற வால்டர் டீன் மையர்ஸின் 'மான்ஸ்டர்', கொலை வழக்கில் சிக்கிய ஒரு சிறுவனின் நாட்குறிப்பாகவும் அவனே எழுதும் திரைக்கதையாகவும் அமைந்தது. 2019ஆம் ஆண்டு அதே விருதைப் பெற்ற எலிசபெத் அசெவேடோவின் 'தி பொயட் எக்ஸ்' முழுவதும் கவிதையாலானது. கவிதை நாவல்களில் ஒரு பக்கத்துக்குச் சொற்கள் குறைவு என்பதால், ஆங்கிலத்தில் ஒரு நாவலை முடித்ததே இல்லை என்று வருந்துபவர்கள் அங்கிருந்து தொடங்குவது நல்லது.

விருதுப் பட்டியல்கள் தேடலைச் சுருக்கித் தரும். பிரின்ட்ஸ் குழு ஆண்டுதோறும் ஒரு நூலுக்கு விருதும், அதிகபட்சம் நான்கு நூல்களுக்குச் சிறப்புக் குறிப்பும் வழங்குகிறது. இதுவரை வந்த பட்டியல்களைத் திரட்டினாலே சில ஆண்டுகளுக்குப் படிக்கக் கிடைக்கும். அலெக்ஸ் விருது இதற்கு மறுதிசையில் செல்வது: பெரியவர்களுக்காக வெளிவந்த நூல்களில் பதின்பருவத்தினருக்கும் பிடிக்கக்கூடிய பத்து நூல்களை 1998ஆம் ஆண்டு முதல் அது தேர்ந்தெடுத்து வருகிறது. இந்திய ஆங்கில நூல்களுக்குப் பெங்களூரில் வழங்கப்படும் நீவ் விருதில் இளையோர் பிரிவு ஒன்று உண்டு. ஒரே ஓர் எச்சரிக்கை: விருது பெற்ற நூல் நல்ல நூலாக இருக்கலாம், ஆனால் ஞாயிற்றுக்கிழமை மதியம் சாய்வு நாற்காலியில் நீங்கள் விரும்பும் நூலாக அது இருந்தே தீர வேண்டும் என்பதில்லை. விருது பெற்ற நடப்பியல் நாவல்களில் துக்கம் சற்றுத் தூக்கலாகவே இருக்கும்.

மூன்றாம் படி: பணப்பையைத் திறக்கும் முன் இருபது பக்கம்

என் அனுபவத்தில் பாதிப் பணத்தை மிச்சப்படுத்திய பழக்கம் இதுதான். கிண்டில் கடையில் ஏறக்குறைய எல்லா நூல்களுக்கும் தொடக்கப் பகுதி இலவச மாதிரியாகக் கிடைக்கிறது; அதைக் கைப்பேசியிலேயே படிக்கலாம், தனிக் கருவி தேவையில்லை. கடையில் நிற்கிறீர்கள் என்றால் ஓர் ஓரமாக ஒதுங்கி, முதல் அத்தியாயத்தை முழுதாகப் படியுங்கள். பின்னட்டையை முதலில் படிக்காதீர்கள். எல்லாப் பின்னட்டைகளிலும் ஒரு பெண்ணின் வாழ்க்கை தலைகீழாகும், ஒரு ரகசியம் வெளிப்படும். அவற்றை வைத்து ஒரு நூலை மற்றொன்றிலிருந்து பிரித்தறிய முடியாது.

முதல் அத்தியாயத்தில் கவனிக்க வேண்டியது கதையைவிடக் குரல். சொல்பவர் உண்மையில் அந்த வயதினர்போல் பேசுகிறாரா, அல்லது நாற்பது வயது ஆசிரியர் ஒருவர் இளையோர் கொச்சையை மனப்பாடம் செய்து ஒப்பிக்கிறாரா என்பது பத்துப் பக்கத்தில் தெரிந்துவிடும். அடுத்து, புத்தகத்தின் நடுவில் ஓர் உரையாடல் பகுதியைப் படியுங்கள். தொடக்கத்தை ஆசிரியர்கள் பலமுறை செப்பனிட்டிருப்பார்கள். நடுப்பகுதியில்தான் அவர்களுடைய அன்றாட எழுத்து இருக்கும். இருவர் பேசும்போது யார் பேசுகிறார் என்று பெயர் பார்க்காமலே தெரிகிறது என்றால் தயங்காமல் வாங்கலாம். கடைசிப் பக்கங்களைப் புரட்டாதீர்கள் என்று சொல்ல எனக்குத் தகுதி இல்லை. நாய் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க நானே புரட்டியிருக்கிறேன்.

நான்காம் படி: வாங்காமலே படிக்கும் வழிகள்

சென்னை எழும்பூரில் 1896ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் கன்னிமாரா நூலகம், இந்தியாவில் வெளியாகும் நூல்களின் படிகளைச் சட்டப்படி பெறும் நான்கு நூலகங்களுள் ஒன்று. கோட்டூர்புரத்தில் 2010ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும், மதுரையில் 2023ஆம் ஆண்டு திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் சிறுவர்களுக்குத் தனிப் பகுதிகள் உண்டு. இளையோர் நாவல்கள் சில இடங்களில் சிறுவர் பகுதியிலும் சில இடங்களில் பொதுப் புனைவுப் பகுதியிலும் கலந்து கிடப்பதால், இரண்டு பக்கமும் தேடுவது அவசியம்.

வாடகை நூலகங்கள் பெருமளவு மறைந்துவிட்டன என்றாலும், உங்கள் ஊரில் ஒன்று எஞ்சியிருந்தால் அதை விட்டுவிடாதீர்கள். நெடுந்தொடர்களுக்கு அதைவிடச் சிக்கனமான வழி இல்லை. முதல் பாகத்தை வாடகைக்கு எடுத்துப் படித்து, மனத்தை விட்டு அகலவில்லை என்றால் மட்டும் சொந்தமாக வாங்கலாம்.

ஐந்தாம் படி: வாங்குதல்

இங்கேதான் கவனம் மிகுதியாகத் தேவைப்படுகிறது. ஏமாறும் வாய்ப்பும் இங்கேதான் அதிகம்.

முதலில் தொடர் பற்றிய குழப்பம். இளையோர் நாவல்களில் மூன்று பாகம், ஐந்து பாகம் என்று நீள்பவை ஏராளம். ஆனால் எது முதல் பாகம் என்பது அட்டையில் தெளிவாக அச்சிடப்படாமல் இருப்பதும் உண்டு. கடை அலமாரியில் இரண்டாம் பாகம் மட்டும் தனித்து நிற்பதைக் கண்டு ஆசைப்பட்டு வாங்கியவர்கள் பலர். நூலின் முன்பக்கங்களில் ஆசிரியரின் பிற நூல்கள் பட்டியலாக இருக்கும். அதில் தொடரின் வரிசையைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பெட்டியிலிட்டு மொத்தமாக விற்கும் தொகுப்பு கணக்குப்படி மலிவாகவே இருக்கும். ஆனால் முதல் பாகமே பிடிக்காமல் போனால் மீதமுள்ள பாகங்கள் பரணுக்குத்தான் போகும். முடிவடையாத தொடரை வாங்குவது இன்னொரு ஆபத்து. அடுத்த பாகம் வருவதற்குள் முந்தைய பாகத்தின் பாத்திரங்கள் மறந்துவிடும், பதிப்பகம் அட்டை வடிவமைப்பையும் மாற்றிவிடும், அலமாரியில் ஒரு பாகம் மட்டும் உயரமாகத் துருத்திக்கொண்டு நிற்கும். இது அற்பமான குறை என்று நினைப்பவர்கள் புத்தகம் சேர்ப்பவர்கள் அல்லர்.

அடுத்தது பதிப்பு. ஒரே நாவலுக்கு அமெரிக்கப் பதிப்பு, பிரிட்டன் பதிப்பு, இந்தியத் துணைக்கண்டத்தில் மட்டும் விற்பதற்கான பதிப்பு என்று பல இருக்கும். கெட்டி அட்டைப் பதிப்பு முதலில் வரும். சாதா அட்டைப் பதிப்பு வழக்கமாக ஓராண்டு கழித்து வரும். அவசரமில்லாதவர்கள் காத்திருந்தால் விலை கணிசமாகக் குறையும். துணைக்கண்டப் பதிப்பு உண்மையான பதிப்புதான்; தாள் சற்று மெல்லியதாக இருக்கலாம், உரை ஒன்றுதான். உரிமைப் பக்கத்தில் அந்தக் குறிப்பு அச்சிடப்பட்டிருக்கும். அதே பக்கத்தில் எண்கள் வரிசையாக இருந்தால், அவற்றில் மிகச் சிறிய எண் அந்தப் படி எத்தனையாவது அச்சு என்பதைக் காட்டும்.

திருட்டுப் பதிப்பை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. நடைபாதையிலும் போக்குவரத்து விளக்குகளின் அருகிலும் நூறு, நூற்றைம்பது ரூபாய்க்குக் கிடைக்கும் புத்தம்புது ஆங்கில நாவல்களில் பல, ஆசிரியருக்கு ஒரு காசும் போய்ச் சேராத திருட்டு அச்சுகள். இணையக் கடைகளில் வெளி விற்பனையாளர்கள் வழியாகவும் இவை வந்து சேர்கின்றன. நானே ஒருமுறை, ஒரு முழுப் பகுதியின் பக்கங்கள் இருமுறை அச்சாகி அடுத்த பகுதி அடியோடு காணாமல் போயிருந்த ஒரு படியைப் பெற்றிருக்கிறேன், அதுவும் கொலையாளி யார் என்று தெரியவேண்டிய இடத்தில். அட்டையின் எழுத்து விளிம்புகள் மங்கியிருத்தல், உள்ளே எழுத்து ஒரு பக்கம் அடர்ந்தும் மறுபக்கம் வெளிறியும் இருத்தல், வரிகள் கோணியிருத்தல், பசை வாடை, பக்கத்தின் பின்புற எழுத்து தெரியுமளவுக்கு மெல்லிய தாள் ஆகியவை அடையாளங்கள். பின்னட்டையில் 978 என்று தொடங்கும் பதின்மூன்று இலக்க எண்ணை இணையத்தில் தேடிப் பார்த்து, பதிப்பகம் தரும் அட்டையோடும் பக்க எண்ணிக்கையோடும் ஒப்பிட்டால் பெரும்பாலும் உண்மை தெரிந்துவிடும். இணையத்தில் வாங்குபவர்கள் நூலின் மதிப்புரைகளோடு விற்பனையாளர் பற்றிய கருத்துகளையும் படித்து, திருப்பி அனுப்பும் காலக்கெடு முடிவதற்குள் எல்லாப் பக்கங்களையும் ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட வேண்டும்.

மலிவாக வாங்க நேர்மையான வழி பழைய புத்தகக் கடைதான். சென்னையில் மூர் மார்க்கெட் 1985ஆம் ஆண்டு தீக்கிரையானாலும், அந்தக் கடைகளின் வழிவந்தவை சென்ட்ரல் நிலையத்தை ஒட்டிய லில்லி பாண்ட் வளாகத்தில் தொடர்ந்தன. பழைய புத்தகக் கடையில் இளையோர் நாவல்கள் கல்லூரி நுழைவுத் தேர்வு வழிகாட்டிகளுக்கு அடியில் கிடக்கும். குனிந்து தேட மனமும் முதுகும் வேண்டும். பள்ளி ஆண்டு முடிந்து வீடுகளில் அலமாரிகளை ஒழிக்கும் ஏப்ரல், மே மாதங்களில் நல்ல வரத்து இருப்பதாக என் அனுபவம். படியை எடுத்தவுடன் முதுகுத் தையலையும் கடைசிப் பத்துப் பக்கங்களையும் பாருங்கள். முன்பக்கத்தில் யாரோ ஒரு சிறுமி தன் பெயரையும் வகுப்பையும் எழுதியிருந்தால் அதை நான் குறையாகக் கருதுவதில்லை.

தமிழ் நூல்களுக்குப் புத்தகக் காட்சியே முதன்மையான சந்தை. சென்னையில் 1977ஆம் ஆண்டு தொடங்கிய காட்சி பொங்கலை ஒட்டி நடைபெறுகிறது. ஈரோட்டில் ஆகஸ்டு மாதம் நடக்கிறது. இப்போது மாவட்டந்தோறும் காட்சிகள் நடக்கின்றன. வழக்கமான பத்து விழுக்காட்டுத் தள்ளுபடி பெரிய தொகையாக இராது. ஆனால் சிறு பதிப்பகங்களின் நூல்களை ஒரே இடத்தில் கையில் எடுத்துப் பார்க்கும் வாய்ப்பு வேறெங்கும் கிடைப்பதில்லை. முதல் நாள் சுற்றிப் பார்த்துக் குறித்துக்கொண்டு, வீட்டுக்குப் போய் யோசித்து, மறுநாள் வாங்குவது என் வழக்கம். கூட்டத்தின் ஆரவாரத்தில் வாங்கிய நூல்கள் பிரிக்கப்படாமலே அடுத்த காட்சியைப் பார்த்துவிடுகின்றன.

ஆறாம் படி: வீட்டுப் பிள்ளைகளுக்கு வாங்கும்போது

எட்டு முதல் பன்னிரண்டு வயதினருக்கான நூல்கள் வேறு, இளையோர் நூல்கள் வேறு. பிள்ளைகள் தங்களைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர்களைப் பற்றிய கதைகளையே விரும்புவார்கள் என்பதால், பன்னிரண்டு வயதுப் பெண் பதினைந்து வயதுக் கதைநாயகியைத் தேடுவது இயல்பு. சில நூல்களில் அச்சாகும் வாசிப்பு அளவெண்கள் மொழியின் கடினத்தை மட்டும் அளப்பவை. உள்ளடக்கம் பற்றி அவை எதுவும் சொல்வதில்லை.

பெற்றோர் இன்று ஏமாறும் இடம் அட்டைப்படம். வண்ணச் சித்திரம் தீட்டிய அட்டையோடு வரும் ஆங்கிலக் காதல் நாவல்களில் பல பெரியவர்களுக்கு உரியவை. 'நியூ அடல்ட்' என்று அழைக்கப்படும் வகையில் கல்லூரி வயதினரின் கதைகள் வெளிப்படையான பாலுறவுக் காட்சிகளோடு வருகின்றன, ஆனால் கடையில் இளையோர் நாவல்களோடு தோள் உரசி நிற்கின்றன. காமன் சென்ஸ் மீடியா போன்ற தளங்கள் வன்முறை, வசைமொழி, பாலியல் ஆகியவை ஒரு நூலில் எந்த அளவு உள்ளன என்று தனித்தனியாகக் குறிப்பதால், வாங்கும் முன் ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம். இதற்கு மேல் தணிக்கை செய்ய நான் பரிந்துரைக்கமாட்டேன். கடினமான பொருளைப் பேசும் நூல் என்றால் நீங்களும் அதைப் படித்துவிடுங்கள். சாப்பாட்டு நேரத்தில் பேச்சு தானாக வரும்.

ஏழாம் படி: தமிழில் தேடுதல்

நம்மில் பலர் அம்புலிமாமாவிலிருந்து நேராகப் பொன்னியின் செல்வனுக்குத் தாவியவர்கள். நடுவில் ஒரு படிக்கட்டு இருந்ததே இல்லை. பதின்மூன்று வயதுக்குச் சிறுவர் இதழ்கள் சலித்துப் போகும், பெரியவர்களின் நாவல்கள் பூட்டிய அலமாரியில் இருக்கும். இளையோர் நாவல் என்ற பெயரோடே நூல்கள் வருவது தமிழில் அண்மைக்கால நிகழ்வு. கீழடியைப் பின்புலமாகக் கொண்ட உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை' இளையோர் நாவலாக வெளிவந்து, சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய புரஸ்கார் விருதை 2023ஆம் ஆண்டு பெற்றது. அந்த விருது 2010ஆம் ஆண்டு முதல் வழங்கப்படுகிறது. அதன் தமிழ்ப் பட்டியலில் இருந்து தேடலைத் தொடங்குவது வசதி.

தமிழ் நூல்கள் பெரும்பாலும் நூறு பக்கங்களைச் சுற்றியே அமைகின்றன. ஒரே மூச்சில் படித்துவிடலாம். நானூறு பக்கம் விரியும் தமிழ் இளையோர் நாவலுக்காக நான் இன்னும் காத்திருக்கிறேன். அச்சுப்படிகள் குறைவாக இருப்பதால், பார்த்த இடத்தில் வாங்கிவிடுவது நல்லது. அடுத்த அச்சு எப்போது வரும் என்பது பதிப்பாளருக்கே உறுதியாகத் தெரிவதில்லை.

எட்டாம் படி: படித்தல்

தமிழ்வழியில் படித்து, ஆங்கில நாவல் என்றாலே தயங்குபவர்களுக்கு இளையோர் நாவலைப்போல் இணக்கமான துணை கிடைக்காது. வாக்கியங்கள் சிறியவை, பேச்சு மிகுதி, அத்தியாயங்கள் குறுகியவை. தெரியாத சொல் ஒவ்வொன்றுக்கும் அகராதியைத் திறக்காதீர்கள். அதே சொல் மூன்றாம் முறையும் வந்து வழிமறித்தால் மட்டும் பாருங்கள். அமெரிக்கப் பள்ளியின் வகுப்புப் பெயர்கள் தொடக்கத்தில் குழப்பும். அங்கே உயர்நிலைப் பள்ளி ஒன்பதாம் வகுப்பில் தொடங்கிப் பன்னிரண்டில் முடிகிறது என்பதை நினைவில் வைத்தால் பாதிக் குழப்பம் தீரும்.

ஐம்பது பக்கம் வரை பொறுங்கள். அதற்குமேலும் மனம் ஒட்டவில்லை என்றால் குற்ற உணர்வின்றி மூடிவிடுங்கள். இது தேர்வு அன்று. கனத்த நாவல் ஒன்றை முடித்த உடனே அதேபோன்ற இன்னொன்றை எடுக்காமல், நடுவே சிரிக்கவைக்கும் ஒன்றைச் சேர்த்துக்கொள்வது நலம்; அடுத்தடுத்து நான்கு கொடுங்கோல் ஆட்சிக் கதைகளைப் படித்தால், எந்தப் பெண் எந்த அரசைக் கவிழ்த்தாள் என்பதே குழம்பிவிடும்.

படித்து முடித்த நூல்களை நான் மூன்றாகப் பிரிக்கிறேன். மீண்டும் படிக்கப் போகிறவை அலமாரிக்கு. பிடிக்காதவை, அவை உண்மையான பதிப்புகளாக இருந்தால், பழைய புத்தகக் கடைக்கு. பிடித்திருந்தும் மறுபடி படிக்கத் தேவையில்லாதவை பக்கத்துத் தெருவில் பதினோராம் வகுப்புப் படிக்கும் பெண்ணுக்கு. அவள் ஒவ்வொன்றையும் திருப்பித் தரும்போது மதிப்பெண் சொல்வாள். நான் முப்பதாம் பக்கத்தில் விட்ட அந்த அழகிய அட்டைப் புத்தகத்துக்கு அவள் பத்துக்கு ஒன்பது கொடுத்திருக்கிறாள். ஆகவே அதை வரும் வாரம் மறுபடி எடுத்துப் பார்க்கலாம் என்று இருக்கிறேன்.